நேராகத் தொங்கிய பூட்டு

அண்ணன் இக்கரையில், தம்பி அக்கரையில். நடுவில் அரசனின் காவல் படகு. எது ஆற்றைக் கடந்தாலும் காவலர்கள் கை வைக்காமல் விடமாட்டார்கள்.

அரசன் தேடியது தம்பி கீரனை. கீரனின் மனைவியையும் கைக்குழந்தையையும் அண்ணன் மாறாயன் ஒரு வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு இன்னொரு சாவி செய்து, இடத்தையும் எழுதி, தம்பிக்கு அனுப்ப வேண்டும்.

மாறாயன் தன் குருவிடம் போனார். குரு அவரைவிட வயதில் இளையவள்.

"ஒரு பெட்டியில வெச்சு உங்க பூட்டைப் போட்டு அனுப்புங்க. கீரன் அதுக்கு மேல தன் பூட்டையும் போட்டுத் திருப்பி அனுப்பட்டும். நீங்க உங்க பூட்டை மட்டும் கழட்டி மறுபடி அனுப்புங்க. பூட்டில்லாம பெட்டி ஒரு தடவைகூட ஆத்தைக் கடக்காது. இந்த முறை ஊருக்கே தெரிஞ்சாலும் பாதகமில்லை."

அப்படியே செய்தார். பெட்டி இரண்டு பூட்டோடு திரும்பி வந்தது. தன்னுடையதைக் கழற்றி அனுப்பிவிட்டு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார், பாவம்.

காவலர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். கதவை உடைக்கவில்லை. சாவி போட்டுத் திறந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை.

மாறாயன் குருவின் முன் வந்து விழுந்தார்.

"நீங்க சொன்ன முறை பொய்யா தாயே?"

"ரெண்டாவது பூட்டு யாரோடது?"

"தம்பியோடது."

"எப்படித் தெரியும்?"

மாறாயன் சொன்னார்.

"கீரன் சின்ன வயசுலேர்ந்தே பூட்டைத் திருப்பித்தான் போடுவான். சாவித் துவாரம் உள்பக்கம் போயிடும். அதுக்காக என்கிட்ட எத்தனை குட்டு வாங்கியிருக்கான்!"

"வந்த பூட்டு?"

"நேரா இருந்தது." "இப்பவாவது திருந்தினானேன்னு சந்தோஷப்பட்டேன் தாயே."

குருவுக்கும் கண் நிறைந்தது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

மாறாயன் கேட்டார்.

"நடு ஆத்துலயே காவலர்கள் அவங்க பூட்டைப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. பெட்டி அவன் கைக்குப் போகவே இல்லை. இன்னும் அக்கரையில காத்துட்டிருப்பான். இந்தச் சேதியை எந்தப் பூட்டைப் போட்டு அவனுக்கு அனுப்புவேன்?"

"அனுப்பாதீங்க. நீங்களே போங்க" என்றாள் குரு. "வந்திருக்கிறது அண்ணன்தான்னு அவனுக்காவது தெரியட்டும்."