மேடைக்கு முன்னால் ஒரு கயிறு

ரெபேக்காள் டீச்சரைவிட மாசில்லாமணி பதினெட்டு வயது மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் அவளிடம்தான் வேதம் படித்தார்.

அவர்கள் ஊருக்கு அசரியா என்றொரு ஊழியக்காரர் வந்து பந்தல் போட்டு மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். மாத்திரை விழுங்குகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்றார். மாசில்லாமணிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. தொண்டராகப் பெயர் கொடுத்தார். முதல்நாள் சாயங்காலம் ஜனங்கள் எடுத்துப் போட்ட மருந்துகளைச் சாக்கில் வாங்கியவர் அவர்தான். பீடி சுற்றும் ஞானத்தாய் தன் இன்சுலின் ஊசியையும் அந்தச் சாக்கில் போட்டாள்.

மறுநாள் காலை அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மேடைமுன் கிடத்தினார்கள். மூச்சு இரைத்தது. கண் திறக்கவில்லை.

அசரியா மைக்கில் ஜெபித்தார். கூட்டம் அல்லேலூயா என்றது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து முன்னால் வந்தாள். மேடைக்கு முன் கட்டியிருந்த கயிற்றருகே மாசில்லாமணி நின்றிருந்தார்.

"டீச்சர், போகாதீங்க. இவர் பொய்யர்னா கர்த்தர் ஏன் சும்மா இருக்காரு?"

"கயித்தைத் தூக்குங்க அண்ணாச்சி."

அவர் தூக்கவில்லை. அவள் குனிந்து நுழைந்தாள். ஞானத்தாயின் தோளுக்கடியில் கைகொடுத்தாள்.

"அவளைத் தொடாதே!" என்றார் அசரியா. "தொட்டால் கர்த்தருடைய கோபம் உன்மேல் இறங்கும்!"



"இறங்கட்டும்," என்றாள் டீச்சர். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இறங்கட்டும்."

தனியாகத் தூக்க முடியவில்லை. யாரும் அசையவில்லை. மாசில்லாமணி, முதல்நாள் அந்த ஊசியை வாங்கிய கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஞானத்தாயின் காலைப் பிடித்தார்.

"சபைக்கு விரோதமாக எழும்புகிறீர்கள்!" என்று மைக் கத்தியது. ஆட்டோ கிளம்பும்வரை கத்தியது.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் ஞானத்தாய் கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

வெளி பெஞ்சில் மாசில்லாமணி உட்கார்ந்திருந்தார். சட்டையில் குத்தியிருந்த தொண்டர் அட்டையைக் கழற்றினார்.

"நம்மளச் சபையை விட்டுத் தள்ளிடுவாங்க, டீச்சர்."

"தள்ளட்டும். நாளைக்கும் கூட்டம் இருக்கு. முன்வரிசையில உக்காருவேன். இன்னொருத்தரைக் கிடத்தினா மறுபடியும் எழுந்து போவேன்."

"நீங்க போவீங்க. கர்த்தர் என்ன செய்றாரு? ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. அந்த ஆளை இன்னும் ஏன் விட்டு வச்சிருக்காரு?"

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலமே அவர் நியாயந்தீர்த்திருந்தா, நீங்க எந்தப் பக்கம் நின்னிருப்பீங்க, அண்ணாச்சி?"