புளிச்ச மழையும் செம்புக்கோட்டை ராசாவும்

கொடிக்காலூருன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் வெத்தலைக் கொடிதான். கொடிக்காலுக்குள்ள யாரும் செருப்போட போகக் கூடாது, கொடியை லச்சுமியா நெனைக்கிற சனங்க. அந்த ஊருல சடையாண்டின்னு ஒருத்தன் இருந்தான். ஊரே அவனைக் கிறுக்கன்னுதான் சொல்லும். ஏன்னா அவன் எதைப் பாத்தாலும் ஏன்னு கேப்பான். வெத்தலை ஏன் காரமா இருக்கு, ஆந்தை ஏன் பகல்ல தூங்குது, நாட்டாமை ஏன் பேசுறதுக்கு முன்னாடி இருமுறாரு, இப்படி. அவன் பொஞ்சாதி கருத்தாயி, "இந்த வாய்க்குள்ள சோறு எப்படித்தான் எறங்குதோ"ன்னு அலுத்துக்குவா. ஆனா புருசன் மேல உசுரு அவளுக்கு.

இப்படி இருக்கையில ஒரு மழை பேஞ்சுச்சு. மறுநா பாத்தா வெத்தலை பூரா புள்ளி புள்ளியா கருகியிருக்கு. அப்புறம் இன்னொரு மழை பேஞ்சுச்சு, புள்ளியெல்லாம் ஓட்டையாப் போச்சு. அப்புறம் இன்னொரு மழை பேஞ்சுச்சு, கொளுந்தே எட்டிப் பாக்கலை. ஊரு கூடிருச்சு. "எவனோ செருப்போட உள்ள போயிருக்கான், அதான் லச்சுமி கோவிச்சுக்கிட்டா"ன்னு ஒருத்தன் சொன்னான். அப்படியா, யாரு போயிருப்பா? வேற யாரு, கிறுக்கன்தான்! இந்த அநியாயத்தைக் கேளுங்க புள்ளைகளா, சடையாண்டிக்குச் செருப்பே கிடையாது. அதைக் கூட ஒருத்தரும் யோசிக்கலை.

நாட்டாமை இருமிட்டு, "ஏலே சடையாண்டி, ஐப்பசிக்குள்ள நல்ல கொளுந்து வரலைன்னா நீயும் உம் பொஞ்சாதியும் ஊரை விட்டுப் போயிரணும்"னுட்டாரு. கருத்தாயி அழுதா. "நாம எங்கய்யா போவோம்?"னு கேட்டு அழுதா. ஆனா சடையாண்டி புத்தி என்ன கேட்டுச்சு தெரியுமா? "மழை பேஞ்சா கொடி தழையணும்ல, இது ஏன் கருகுது?"ன்னு கேட்டுச்சு. அடுத்த மழைக்கு வாசல்ல நின்னு நாக்கை நீட்டுனான். த்தூ! மோரை நாலு நாள் மூடி வச்ச மாதிரி அப்படி ஒரு புளிப்பு.

அப்புறம் அவன் கெணத்துத் தவளைகிட்டப் போனான். "தவளை தவளை, மழை ஏன் புளிக்குது?"ன்னான். "எனக்கு என்னய்யா தெரியும், நான் போட்ட முட்டை ஒண்ணு கூடப் பொரியலை, நீ கொக்கைக் கேளு"ன்னுச்சு தவளை. அப்புறம் கொக்குகிட்டப் போனான். "கொக்கே கொக்கே, மழை ஏன் புளிக்குது?"ன்னான். "எனக்கு என்னய்யா தெரியும், குளத்து மீனெல்லாம் செத்து மெதக்குது, நானே பட்டினி, நீ மேகத்தைக் கேளு"ன்னுச்சு கொக்கு. அப்புறம் மலை மேல ஏறி, "மேகமே மேகமே, நீ ஏன் புளிக்கிற?"ன்னான்.

மேகத்துக்கு அழுகையே வந்துருச்சு. "நான் கடல்ல இருந்து நல்லாத்தான்யா கெளம்புனேன். வர்ற வழியில செம்புக்கோட்டை ராசா உலை வச்சிருக்கான். அரமனைக் கூரை பூராச் செம்புல வேணுமாம் அவனுக்கு. கந்தகம் கலந்த செம்புக் கல்லைப் போட்டு ராவும் பகலும் எரிக்கிறான். அந்தப் புகை எம் மடியில ஏறி உக்காந்துக்கிச்சு. என் தண்ணியில கரைஞ்சு அதுவும் புளிச்சு, என்னையும் புளிக்க வச்சிருச்சு. நான் எங்கயாவது எறக்கி வைக்கணும்ல?"ன்னுச்சு.

அடேங்கப்பா, அங்க எரிக்கிற கல்லு இங்க இலையைப் பொசுக்குதேன்னு சடையாண்டிக்கு ஒரே அதிசயம். ஒரு குடம் மழைத்தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுச் செம்புக்கோட்டைக்கு நடந்தான். போயி ராசா முன்னாடி வச்சு, "இது உங்க புகை ராசா, குடிச்சுப் பாருங்க"ன்னான்.

ராசா சிரிச்சான். "அட கிறுக்கா, எங்க ஊரு ஆகாசத்தைப் பாரு, எம்புட்டு நீலம்! முன்னாடி எங்க சனங்களும் இருமுனாங்க. நான் புகைபோக்கியைப் பனைமரத்துக்கு மேல ஒசத்திட்டேன், புகை போயிருச்சு"ன்னான்.

"எங்க போச்சு ராசா?"

"எங்கயோ போச்சு. புகை எங்க விழுதோ, அது அங்க இருக்கிறவன் பாடு. இதான் என் தீர்ப்பு. போடா!"

சடையாண்டி குடத்தைத் தூக்கிக்கிட்டுத் திரும்புனான். பாதி வழியில ஒரு மரத்தடியில உக்காந்து வெத்தலை போட்டான். சுண்ணாம்பு தடவையில டப்பி தவறிக் குடத்துக்குள்ள விழுந்துருச்சு. எடுத்துத் தொடைச்சு வச்சுட்டு, குடத்துத் தண்ணி பட்ட வெரலை நக்குனான். என்னடா இது, புளிப்பைக் காணோம்! இன்னொருக்கா நக்குனான், காணோம். உங்களுக்கும் ஆச்சரியமா இருக்கா? அவனுக்கும் அப்படித்தான். "ஓகோ, சுண்ணாம்பு புளிப்பைத் தின்னுருதா!"ன்னு ரோட்டுலயே குதிச்சான்.

இதுக்கு நடுவுல ராசா மகளுக்கு நிச்சயம் வச்சாங்க. தாம்பூலம் மாத்தணும்ல, வெத்தலைக்கு எங்க போறது? கொடிக்காலூரு வெத்தலைதான் அந்தச் சீமைக்கே. ராசாவோட ஆளு வந்து கெடைச்சதைக் கிள்ளிக்கிட்டுப் போனான். மாப்பிள்ளையோட அப்பா தட்டை வாங்கி மேல் இலையை எடுத்தாரு, ஓட்டை. அடுத்ததை எடுத்தாரு, ஓட்டை. இன்னொண்ணை எடுத்துக் கண்ணுக்கு நேரா பிடிச்சாரு. "ராசா, இந்த ஓட்டை வழியா உம்ம மூஞ்சி தெரியுது. எம் மகனுக்கு ஓட்டை வெத்தலையிலயா தாம்பூலம்?"னு தட்டைக் கீழ வச்சுட்டு, வண்டியைப் பூட்டச் சொல்லிட்டாரு.

ராசாவுக்கு வந்துச்சே கோவம்! கொடிக்காலூரையே இழுத்துட்டு வரச் சொன்னான். நாட்டாமை நடுங்கிப் போயி, "எல்லாம் இந்தக் கிறுக்கனாலதான் ராசா"ன்னு கையைக் காட்டுனாரு. சடையாண்டி முன்னாடி வந்தான். "ராசா, நீங்க சொன்ன தீர்ப்புதான். புகை எங்க விழுதோ, அங்க இருக்கிறவன் பாடு. இப்ப அது உங்க தட்டுல விழுந்திருக்கு"ன்னான்.

ராசா மகள் எந்திரிச்சா. "அப்பா, உலை நம்மளதுதானே? நல்ல வெத்தலை வராம எனக்குக் கல்யாணம் வேணாம்"னுட்டா. ராசா தலையைத் தொங்கப் போட்டான். "என்னடா செய்யணும்?"னான்.

"கூரைக்குச் செம்பு வேணாம் ராசா, குடத்துக்கும் அண்டாவுக்கும் உருக்குனாப் போதும், கல்லு குறையும். அந்தப் புகையையும் சும்மா வெளிய விடாதீங்க. சுண்ணாம்புத் தண்ணியை மேல இருந்து கொட்டி, அதுல நனைச்சு அனுப்புங்க, புளிப்பைச் சுண்ணாம்பு வாங்கிக்கும்"னான். "அந்தத் தண்ணியை எங்கப்பாவே சுமக்கட்டும்"னா மக.

அப்புறம் ராசா சுமந்தான். தெனமும் சுமந்தான். சுண்ணாம்பு பட்டுக் கை ரெண்டும் வெந்து போற வரைக்கும் சுமந்தான். மேகம் நல்ல தண்ணியா எறங்குச்சு, ஐப்பசி முடியறதுக்குள்ள கொளுந்து விட்டுச்சு, நாட்டாமை சடையாண்டி வீட்டு வாசல்ல வந்து தலையைச் சொறிஞ்சாரு. கருத்தாயி ஒரு முழு நாள் அவருக்கு மொகம் குடுக்கலை, நல்லா வேணும்! மறுபடி நிச்சயம் வச்சப்ப தட்டு நெறையப் பச்சை வெத்தலை. ஆனா ராசாவால தட்டைத் தூக்க முடியலை, கை அம்புட்டுப் புண்ணு. சடையாண்டிதான் பக்கத்துல நின்னு தூக்கிக் குடுத்தான்.

ஒசக்க விட்டுட்டா புகை போயிருச்சுன்னு நெனைக்காதீங்க புள்ளைகளா, அது யாரு தலையிலயாவது எறங்கத்தான் செய்யும். அவங்க அங்க வெத்தலை போட்டு வாய் செவந்தாங்க, எனக்கு இங்க சொல்லிச் சொல்லி வாய் காஞ்சு போச்சு.