கேபிள் அவிழ்த்த சுருள்

உப்புக்காற்று ஓயாத கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு மொட்டைமாடியில், ஆன்டெனாவும் கேபிளும் கூட்டுக் குடித்தனம் நடத்தி வந்தன. ஆன்டெனா இரண்டு கைகளையும் விரித்து வானத்துப் பேச்சைப் பிடிக்கும். கேபிள் அதை வயிற்றுக்குள் பத்திரமாக வைத்துக் கீழே ரெஜினாளின் ரேடியோவில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ரெஜினாளுக்கு, வீட்டிலிருந்தே ஊர் தாண்டிப் பேசும் அமெச்சூர் ரேடியோ என்றால் உயிர். கடலுக்கு அப்பால் ஒரு தீவிலிருக்கும் அருமைநாயகத்தோடு காலையில் நாலு வார்த்தை பேசாவிட்டால் அவளுக்குக் காப்பி இறங்காது. ஆன்டெனாவின் காலடியிலேயே கேபிளை வளையம் வளையமாகச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கியிருந்தாள். கேபிளுக்கு அதுதான் தீராத குறை.

"என்னைக் கட்டிப்போட நான் என்ன திருட்டுக் கோழியா?" என்றது.

"அது காவல்," என்றது ஆன்டெனா. "பேச்சு உனக்குள்ளேதான் போகணும். உன் மேல்தோலில் எதுவும் நடமாடக் கூடாது. அந்தச் சுருள் இல்லாவிட்டால் கண்ட கண்ட இரைச்சலும் ஏறி வரும்."

"வானத்தைப் பார்த்து நிற்கிற உனக்கென்ன தெரியும்? ஊருக்கெல்லாம் பேச்சு சுமக்கிறேன். என் மேல் ஒரு சத்தமும் கூடாதாம்!"

புயல் வந்தது. காற்று உலுக்கியபோது கேபிளும் தன் பங்குக்கு நெளிந்தது. கயிறு நழுவி, சுருள் அவிழ்ந்து, கேபிள் நீட்டி நிமிர்ந்தது. தெருவில் மின்சாரம் போயிருந்ததால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஓடியது. அவை கிளப்பிய மின் இரைச்சல் அத்தனையும் கேபிளின் மேல்தோலில் ஏறி, ஆன்டெனா வரை போய், பேச்சோடு கலந்து உள்ளே இறங்கியது. கேபிளுக்குத் தலைகால் புரியவில்லை. தான் பெரிய ஆளாகிவிட்டதாகவே நினைத்தது.

அந்த நேரத்தில்தான் தீவு கூப்பிட்டது.

"ரெஜினாக்கா, இங்க டவர் எல்லாம் விழுந்துட்டு. நாலு பேரு போன படகு இன்ஜின் நின்னு மிதக்கு. தீவுக்கு..." கொர்ரென்ற இரைச்சல். "...பக்கம். உடனே ஆள அனுப்பச் சொல்லுங்க."

"எந்தப் பக்கம்? திரும்பச் சொல்லு தம்பி!"

அவள் மைக்கை அழுத்தியதும் மேலே போக வேண்டிய சக்தி கேபிளின் தோல்வழியே வீட்டுக்குள் திரும்பியது. மைக் அவள் உதட்டைச் சுள்ளென்று கடித்தது. ரேடியோ மயங்கி அணைந்தது. அது கண் திறப்பதற்குள் தீவின் பேட்டரி தீர்ந்துவிட்டது.

ரெஜினாள் தனக்குத் தெரிந்ததை மட்டும் கடலோரக் காவல்படைக்குச் சொன்னாள். திசை தெரியாமல் அவர்கள் தெற்கே தேடினார்கள். மறுநாள் வடக்கே படகு கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.

காற்று அடங்கியதும் அவள் மாடியேறினாள். அவிழ்ந்து கிடந்த கேபிளைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி" என்றாள். கேபிளைச் சொன்னாளா, கயிற்றைச் சரிபார்க்காத தன்னையே சொன்னாளா, தெரியவில்லை.

மறுபடியும் சுருட்டினாள், முன்னைவிட இறுக்கமாக. கேபிள் தானாகவே வளைந்துகொடுத்தது. பாவம், அதற்கு இப்போது எல்லாம் புரிந்திருந்தது. புரிந்து என்ன செய்ய?

தீவில் மின்சாரம் வந்த அன்று காலை, இரைச்சல் துளியும் இல்லை. அருமைநாயகத்தின் குரல் மேலேயிருந்து இறங்கியது.

"வடக்கேன்னு அத்தனை தடவ கத்துனேனேக்கா. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அந்தக் கேள்வியை ஓர் எழுத்தும் சிதையாமல் கேபிள் கொண்டுவந்து சேர்த்தது.