யாரும் நிற்காத மூன்றாம் வரிசை

“எல்லாரும் பொய் சொல்றாங்க மேடம்,” என்றார் சோலையப்பன்.

“என்ன பொய்?” என்றார் ஜெபசீலி.

“மொத தடவையான்னு கேட்டா, இல்லைங்கிறாங்க.”

ஜெபசீலி ஸ்கேனர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு மூன்று வரிசைகள் இருந்தன. அடிக்கடி பறப்பவர்களுக்கு ஒன்று. எப்போதாவது பறப்பவர்களுக்கு ஒன்று. முதல் முறை பறப்பவர்களுக்கு ஒன்று. ஏழு மாதங்களுக்கு முன்புதான் அப்படிப் பிரித்துப் பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருந்தார்கள்.

மூன்றாம் வரிசையில் அவசரம் கிடையாது. ட்ரேயில் எதை வைப்பது, எதைக் கையிலேயே வைத்துக்கொள்வது என்று சொல்லித் தர ஓர் ஆள் உண்டு. பையில் கொண்டுபோகக் கூடாத பொருள் இருந்தால், அவர் பயணியோடு கவுண்டர்வரை திரும்பி நடந்து, அதைப் பெரிய பெட்டியோடு அனுப்ப வழி செய்வார்.

அந்த ஆள்தான் சோலையப்பன்.

வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றபின் ஒப்பந்த வேலையில் இங்கே சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஓய்வுக்குப் பிறகு அவரிடம் நாலு பேர் வழி கேட்ட இடம் இது ஒன்றுதான்.

ஜெபசீலிக்கு வயது இருபத்தேழு. அந்தச் சோதனைக் கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் சோலையப்பன் போய் அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்பார். அதனால் ட்ரே அடுக்கும் பரக்கத் இருவருக்கும் குரு, சீடர் என்று பெயர் வைத்துவிட்டான்.

சீடருக்கு இப்போது ஒரு கெடு இருந்தது. நாளொன்றுக்கு நாற்பது பேராவது மூன்றாம் வரிசையில் வர வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அதை எடுத்துவிடுவேன் என்று டெர்மினல் மேலாளர் சொல்லியிருந்தார். வரிசை போனால் சோலையப்பனுக்கும் அங்கே வேலை இல்லை.

இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நாளொன்றுக்கு ஐந்து பேர் வந்தார்கள்.

“உதவி செய்யணும்னுதான் நிக்கிறேன். திருடனைப் பாக்குற மாதிரி பாத்துட்டு அந்தப் பக்கம் போறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“கூப்பிட்டேன்.”

“இன்னும் சத்தமாக் கூப்பிடுங்க அண்ணாச்சி.”

அவர் கூப்பிட்டார். முப்பத்தோரு வருடம் பஸ் நிலையங்களில் பழகிய குரல். மொத தடவை வர்றவங்கல்லாம் இப்படி வாங்க, மொத தடவை, மொத தடவை, இடம் இருக்கு வாங்க என்று அவர் கூவியதில் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அன்று மூன்றாம் வரிசைக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

சோலையப்பன் ஜெபசீலியிடம் போய் நின்றார்.

ஜெபசீலி தலையை ஆட்டினார்.

மறுநாள் வரிசைக்குப் பதினாறு பேர் வந்தார்கள். சோலையப்பன் சந்தோஷப்படுவதற்குள் முதல் ஆளைப் பார்த்துவிட்டார். சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. கழட்டவும் மாட்டவும் வசதியான செருப்பு. லேப்டாப் ஏற்கெனவே கையில் தயாராக இருந்தது. மாதம் நாலு முறை இதே கூடத்தில் அவரைக் கண்டிருக்கிறார்.

சார், இது புதுசா வர்றவங்களுக்கு என்றார் சோலையப்பன்.

“நானும் புதுசுதாங்க. இப்பத்தான் பொறந்தேன்,” என்றார் அவர். பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள். அவர்களும் அதே மாதிரிப் பெட்டிதான் வைத்திருந்தார்கள். வரிசை காலியாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்.

அன்று மாலை சோலையப்பனுக்குப் பேசும்போதே மூச்சு வாங்கியது.

“தெரிஞ்சவன் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டு உள்ள வர்றான். தெரியாதவன் தெரியும்னு பொய் சொல்லிட்டு வெளிய நிக்கிறான். என்ன ஜனங்க மேடம் இது?”

ஜெபசீலி கையுறையைக் கழற்றினார்.

“ரெண்டு பேர்ல யாருக்கு முகம் மாறுச்சு?”

“அத வச்சு என்ன செய்றது?”

“ஒண்ணும் செய்ய வேணாம். கேட்டேன்.”

அந்தப் பதில் சோலையப்பனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டார்.

நான்காம் நாள் கத்தரிக்கோல் வந்தது.

முதல் வரிசையில், அடிக்கடி பறப்பவர்களுக்கு நடுவே, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துப் பார்த்து அதையே செய்தார். முன்னவர் வாட்சைக் கழற்றினால் இவரும் கழற்றினார். முன்னவர் போனை எடுத்து வைத்தால் இவரும் வைத்தார்.

பை எந்திரத்துக்குள் போனது. எந்திரம் நின்றது.

பையைத் திறந்தார்கள். உள்ளே துணியில் சுற்றிய நீளமான கத்தரிக்கோல். தையற்காரர்கள் வைத்திருப்பது.

இதைக் கொண்டுபோகக் கூடாது என்று அங்கிருந்த காவலர் சொன்னார். திரும்பப் போய்ப் பெட்டியில் போடுகிறீர்களா என்றும் கேட்டார். பின்னால் ஒருவர் ‘உச்’ கொட்டினார். இன்னொருவர், இதெல்லாம் தெரியாம ஏன் இந்த லைன்ல நிக்கிறாங்க என்று யாரிடமோ சொன்னார்.

அந்த மனிதர் கத்தரிக்கோலை எடுத்து, கொண்டுபோகக் கூடாத பொருள்களைப் போடும் தொட்டியில் தானே போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தொட்டியில் விழுந்ததை யாரும் திரும்ப எடுக்க முடியாது. அது விதி.

சோலையப்பன் பின்னாலேயே போனார். அந்த மனிதர் கேட் அருகே ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெயர் பூமிராஜ். மும்பையில் ஒரு கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர் வேலை கிடைத்து நாளைக் காலை சேர வேண்டுமாம். டிக்கெட்டை அவர்களே எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“ஏன்யா அதைத் தொட்டியில போட்டீங்க?”

“பழசு சார்.”

“பழசா?”

பூமிராஜ் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பக்கம் தோல் காய்த்து மேடாக இருந்தது.

“இல்ல சார். பதினாலு வருசமா அதுலதான் வெட்டுறேன். வேற கத்தரி கைக்குப் படியாது.”

“நான் அந்தா நிக்கிறேன், சும்மா நிக்கிறேன். நீங்க என் வரிசைக்கு வந்திருந்தா நானே கொண்டுபோய்ப் பெட்டியில போட்டுக் குடுத்திருப்பேனே. போர்டு தமிழ்லதானே எழுதியிருக்கு. படிக்கலையா?”

“படிச்சேன் சார்,” என்றார் பூமிராஜ்.



சோலையப்பன் நேராக ஜெபசீலியிடம் வந்தார். மரியாதைக்கு ஓர் அடி தள்ளி நிற்பவர் அன்று மேசையருகிலேயே வந்து நின்றார்.

போர்டைப் படித்துவிட்டும் முதல் வரிசையில் போய் நிற்கிறான் என்றார். கையிலிருக்கும் பிழைப்பைத் தொட்டியில் போடுவானாம், ஆனால் எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானாம். இப்படிப்பட்ட வறட்டுக் கௌரவக்காரனுக்கு யார் உதவ முடியும் என்றார். கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கும்போதே முதல் தடவை என்று சிவப்பில் அச்சடித்துவிட வேண்டும், பொய் சொல்ல வழியே வைக்கக் கூடாது என்றார்.

ஜெபசீலி கடைசிவரை கேட்டார்.

“யோசிக்கலாம் அண்ணாச்சி,” என்றார்.

மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரம். பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். ஜெபசீலி ஒரு தாளும் பேனாவுமாக வந்தார். நம்மில் யார் யார் எத்தனை முறை விமானத்தில் போயிருக்கிறோம் என்று எழுத வேண்டியிருக்கிறது என்றார்.

“அண்ணாச்சி, உங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன். எத்தனை தடவை?”

சோலையப்பனுக்குக் காது சூடானது.

“எதுக்கு மேடம் இப்ப?”

“சும்மாதான்.”

பதினோரு பேரும் அவரையே பார்த்தார்கள்.

“மூணு,” என்றார் சோலையப்பன்.

“சொல்லவே இல்லையே சீடரே,” என்றான் பரக்கத். “எங்க போனீங்க?”

“டெல்லிக்கு. ரெண்டு தடவை. அப்புறம் பம்பாய்க்கு ஒரு தடவை.”

“ஜன்னல் சீட்டா?”

“ஜன்னல்தான். டிரைவருக்கு நேர் பின்னாடி.”

முதலில் பரக்கத் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜெபசீலி சிரிக்கவில்லை. தாளில் ஏதோ எழுதி மடித்து, எல்லாரையும் வேலைக்குப் போகச் சொன்னார்.

சோலையப்பன் போகவில்லை.

“நல்லா இருக்கா மேடம் இது?” என்றார். “எனக்கு மக வயசு உங்களுக்கு. உங்ககிட்டக் கத்துக்கணும்னுதான் தெனமும் வந்து நிக்கிறேன். அத்தனை பேர் பாத்துட்டு நிக்கிறப்போ கேக்குற கேள்வியா அது? தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?”

ஜெபசீலி தாளை அவரிடம் நீட்டினார்.

அதில் சோலையப்பன் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எண் எதுவும் இல்லை. அவர் பெயருக்குக் கீழே வேறு பெயர்களும் இல்லை.

“டியூட்டிக்கு நேரமாச்சு அண்ணாச்சி,” என்றார் ஜெபசீலி.

அதன் பிறகு சோலையப்பன் யாரிடமும் முதல் தடவையா என்று கேட்கவில்லை. கூவவும் இல்லை. தன் வரிசையின் தொடக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் வந்தவர்கள் குறைவு. அவர் தலைக்கு மேலே போர்டு அப்படியே இருந்தது.

ஷிஃப்ட் முடிந்தால் நேராக வீட்டுக்குப் போனார்.

மாதக் கடைசி நாள் மேலாளர் வந்தார். கூடவே ஏணியோடு இரண்டு பேர்.

முதல் வரிசையில் ஐம்பது பேர் நின்றார்கள். இரண்டாவதிலும் அவ்வளவு இருக்கும். மூன்றாம் வரிசையில் சோலையப்பன் மட்டும் நின்றார்.

மேலாளர் அந்த வரிசையின் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஜெபசீலி நிறுத்தினார். ஏணியைப் போர்டுக்குக் கீழே சாய்த்தார்கள்.

மேலாளர் கெட்டவர் அல்ல. சோலையப்பனின் தோளில் கைவைத்து, உங்கமேல தப்பே இல்ல என்றார். அடையாள அட்டையை மட்டும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். பிறகு, அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இந்த ஜனங்களுக்கு நாம என்ன செஞ்சாலும் வேஸ்ட்டுங்க. தெரியலன்னு வாயத் தொறந்து ஒத்துக்கவே மாட்டாங்க. என்ன பொழப்போ.”

முதல் வரிசையில் ஒருவர் ஆமாம் என்பது போலச் சிரித்தார்.

இரண்டு வாரத்துக்கு முன்பு சோலையப்பன் சொன்னதும் இதைத்தான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அவருக்கு உடம்பு எரிந்தது.

“நானும் ஒத்துக்கல சார்,” என்றார்.

“என்னது?”

“ஏழு மாசமா இங்க நின்னு, இது வைங்க, அது எடுங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன். நான் இதுவரைக்கும் ஃபிளைட்ல ஏறினதே இல்ல. எத்தனை தடவைன்னு கேட்டாங்க. மூணு தடவைன்னு சொன்னேன்.”

ஏணிமேல் இருந்தவர் கையை நிறுத்தினார்.

மேலாளர் குரலைத் தாழ்த்தி, “மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. ஆளுங்க பாக்குறாங்க,” என்றார்.

“பாக்கட்டும் சார். அத்தனை பேரையும் அப்படிப் பாக்க வச்சுத்தானே நாம கேக்குறோம். ஒத்துக்கலன்னா அவங்க மேலயே கோவப்படுறோம். நானும் கோவப்பட்டேன். ஒரு தையக்காரர் அவர் கத்தரியைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாரு. அவரைத்தான் திட்டினேன்.” மூச்சு வாங்கினார். “நான் ஏறினதில்ல சார். வானத்துல போற ஃபிளைட்டக் கீழ இருந்து பாத்ததோட சரி.”

முதல் வரிசையிலும் இரண்டாம் வரிசையிலும் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோலையப்பன் தலையைக் குனியவில்லை.

ஜெபசீலி யாரிடமும் கேட்காமல் மூன்றாம் எந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்.

முதல் வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண்மணி, வரிசைகளைப் பிரிக்கும் நீலப் பட்டையைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். கையில் ஒயர் கூடை.

“எனக்கும் இதான்யா மொத தடவை,” என்றார். “எங்க நிக்கணும்?”