கடைசிக் குழாய்

“கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம், ஹஸ்ரத். ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான்.”

இல்யாஸ் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார்.

அந்தக் கடற்கரை ஊர் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர் ஹஸ்ரத். இல்யாஸ் அவரிடம் ஓத வந்தவர். வயதைப் பார்த்தால் தலைகீழ். ஹஸ்ரத்தின் தாடி இன்னும் கறுப்பு. இல்யாஸோ பாதி ஆயுளை வெளிநாட்டு மளிகைக் கடையில் கழித்துவிட்டு, நரைத்த தாடியோடு வந்து பிள்ளைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்தவர். அதனால் ஹஸ்ரத் அவரைக் காக்கா என்பார். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவர் என்பதால் விடுதிப் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது.

“எதைக் கேக்க மாட்டேங்கிறாங்க, காக்கா?”

“தண்ணி விஷயம்தான். கிணத்துல தரை தெரியுது. மோட்டாரைப் போட்டா சேறா வருது. இவனுங்க ஒளு செய்யிறேன்னு குழாயைத் திறந்துவிட்டுட்டு ஊர்க்கதை பேசுறானுங்க.”

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிக்கொள்வதுதான் ஒளு. ஐந்து வேளைத் தொழுகைக்கும் வேண்டும். விடுதித் தண்ணீரில் பெரும்பங்கு அதற்கே போய்க்கொண்டிருந்தது.

“போர்டு எழுதி மாட்டினீங்களே?”

“மாட்டினேன். அதுமேல துண்டு காயப்போடுறானுங்க.”

ஹஸ்ரத் சிரித்துவிட்டார்.

இல்யாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கிணறு வற்றினால் மழை வரும்வரை விடுதியை மூடிவிடப்போவதாக நிர்வாகி சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். வீட்டுக்குப் போ என்றால் போக வீடில்லாத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவர்களை எங்கே அனுப்புவது? 

“இன்னைக்கு மஃரிபுக்கு அப்புறம் எல்லாரையும் உக்கார வச்சு நீங்க ஒரு பயான் பண்ணணும், ஹஸ்ரத். நல்லா உறைக்கிற மாதிரி திட்டணும்.”

“வாளி இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“குழாய்க்கு ஒண்ணா கீழ வைங்க. எவ்வளவு போகுதுன்னு பாத்துட்டுத் திட்டலாம்.”

இல்யாஸுக்குக் கொள்ளை சந்தோஷம். ஓடியாடி வாளிகளைச் சேர்த்து வரிசையாக வைத்தார். கடைசிக் குழாய் அவருடையது. பெரியவர் என்று பிள்ளைகள் அதை அவருக்கே விட்டுவிட்டிருந்தார்கள். நியாயம் என்றால் எல்லாருக்கும் நியாயம்தானே என்று அதன் கீழேயும் ஒன்று வைத்தார்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்தது. எல்லாரும் குழாயடிக்கு வந்தார்கள்.

ஒவ்வொரு குழாயிலும் பல பிள்ளைகள் ஒளு செய்திருந்தார்கள். வாளிகள் முக்காலுக்கு நிறைந்திருந்தன.

கடைசி வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் சாக்கடை வரைக்கும் ஓடியிருந்தது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சிரித்திருந்தால் இல்யாஸ் இரண்டு அதட்டல் போட்டுச் சமாளித்திருப்பார்.

“தூக்குங்க வாளியை. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊத்திட்டு வாங்க” என்றார் ஹஸ்ரத்.

பிள்ளைகள் போனார்கள். இருவரும் தனியாக நின்றார்கள்.

“பயான் வேணாம், ஹஸ்ரத்.”

“சரி.”

“வேணும்னு செய்யல. முழங்கை நனைஞ்சுதான்னு சந்தேகம் வந்துரும். கழுவுவேன். திரும்பவும் சந்தேகம். திரும்பவும் கழுவுவேன். தொழ நின்னப்புறமும் அது விடாது. பாதியில விட்டுட்டு ஓடிவருவேன்.”

“எப்பலேர்ந்து?”

“உம்மா மௌத்தானதுலேர்ந்து. அடக்கத்துக்கு முன்னாடி ஜனாஸா தொழுகையில நிக்கும்போது, ஒளு சரியா செஞ்சோமான்னு திடீர்னு ஒரு நினைப்பு. அன்னைக்குப் புடிச்சது.” இல்யாஸ் முழங்கையைத் தடவிக்கொண்டார். “ஒளுவே கூடலைன்னா நான் தொழுததெல்லாம் என்னாகும், ஹஸ்ரத்? உம்மாவுக்காகக் கையேந்திக் கேட்ட துஆ என்னாகும்?”

ஹஸ்ரத் நேரே சமையற்கட்டுக்குப் போய்விட்டார்.

பாவம், இல்யாஸ். இத்தனை காலம் மூடி வைத்ததைக் கொட்டியும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொன்னதும் ஹஸ்ரத் திரும்பி வந்தார். கையில் ஒரு செம்பு. முருங்கை மரத்தடியில் போய்க் குந்தினார்.

“வாங்க காக்கா. உக்காருங்க. நான் ஊத்துறேன்.”

“ஐயோ, ஓதித்தர்றவங்க நீங்க. எனக்கு ஊத்துறதாவது?”

“கையை நீட்டுங்க.”

இல்யாஸ் நீட்டினார். தண்ணீர் நூலாக இறங்கியது. கை, வாய், மூக்கு, முகம். வலக்கை, இடக்கை. தலையைத் தடவினார். வலது கால், இடது கால். கீழே விழுந்ததை எல்லாம் முருங்கை வேர் குடித்துக்கொண்டது.

“ஹஸ்ரத், இந்த வலது முழங்கைக்கு மட்டும் இன்னும் ஒரே ஒரு தடவை...”

ஹஸ்ரத் செம்பைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

“முடிஞ்சுபோச்சு, காக்கா.”

“நனையாம இருந்தா?”

“நம்மகிட்ட இருந்தது ஒரு செம்புதான்னு படைச்சவனுக்குத் தெரியாதா?”

இல்யாஸ் அந்தக் காலிச் செம்பைப் பார்த்தார். பிறகு எழுந்து பள்ளிவாசலுக்குள் போனார்.

அன்று அவர் பாதியில் ஓடிவரவில்லை. ஸஜ்தாவில் தரையில் வைத்த தலையை எடுக்கத்தான் நேரமாயிற்று. அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலை ஸுப்ஹுத் தொழுகைக்கு எழுந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழாயடியில் ஆளே இல்லை. மரத்துக்கு மரம் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் குந்தியிருந்தார்கள். கையில் கிடைத்த செம்பு, குவளை, டம்ளர் எல்லாம் வந்திருந்தன. ஒருவன் ஊற்ற ஒருவன் கழுவினான்.

“என்னடா இது?”

“ஹஸ்ரத் உங்களுக்கு ஊத்துனாங்கள்ல? அதே மாதிரி.”

வெள்ளிக்கிழமை நிர்வாகி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். மோட்டாரைப் போடச் சொன்னார். 

தண்ணீர் தெளிவாக வந்தது.

“ஊறியிருக்கே. சரி, பிள்ளைங்க இருக்கட்டும்” என்றார் நிர்வாகி.

இல்யாஸ் அல்ஹம்துலில்லாஹ் என்று கிணற்றுச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். படியில் செருப்பை மாட்டிக்கொண்டே ஹஸ்ரத் கேட்டார்.

“காக்கா, இன்னைக்கு முழங்கை நனைஞ்சுதா?”

இல்யாஸ் கையை மடக்கிப் பார்த்தார்.

“கவனிக்கலையே, ஹஸ்ரத்.”