பூட்டிய புகாரும் இரண்டாவது சாவியும்

இந்தக் கதையில் அயோக்கியன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றிப் புதிர் ஒன்றுமில்லை. உதவ வந்த மூவரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. நல்லவர்கள் மூன்று பேர் கூடி ஒரு காரியத்தைச் சிக்கலாக்கினால் அதைப் பிரிப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நான் யோசித்து அலுத்துவிட்டேன். இனி உங்கள் பாடு.

ஒரு நூற்பாலை. அங்கே பெண்கள் புகார் போட வைத்திருந்த பெட்டி மேலாளர் அறைக்கு நேர் எதிரே, கேமராவுக்குக் கீழே தொங்கியது. அதில் யார் போடுவார்கள்? அதனால் புகார்க் குழுவின் தலைவியும் வெளியிலிருந்து வரும் வழக்கறிஞருமான பரிமளா ஓர் இணையதளம் செய்யச் சொன்னார். செய்து கொடுத்தவர்கள் இன்பராஜும் ஜெசிந்தாவும். இருவரும் கூட்டாகத் தொழில் செய்யும் நிரலாளர்கள்.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார்கள். புகார், எழுதுகிறவளின் செல்போனிலேயே பூட்டப்பட்டுவிடும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு தனிச் சாவி. அந்தத் தனிச் சாவிகளை எடுத்துக் கொடுக்கும் பெரிய சாவி பரிமளாவின் லேப்டாப்பில். பூட்டிய புகார் வந்து சேர்ந்ததும் தேதியும் நேரமும் குறித்து அதன்மேல் டிஜிட்டல் கையெழுத்து விழும். அதைப் போடுவது வெளியூரில் இருக்கும் ஒரு சான்றிதழ் நிறுவனம். அந்தக் கையெழுத்துக்கான சாவி இவர்கள் யாரிடமும் கிடையாது. பிறகு யாராவது உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாமல் போய்விடும்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து இன்பராஜ் வாக்குக் கொடுத்தான். "சாவி மேடத்துகிட்ட மட்டுந்தான் இருக்கு. செஞ்ச எங்களாலயே திறக்க முடியாது. நம்பி எழுதுங்க."

நம்பி எழுதினார்கள். முத்துப்பேச்சியும் எழுதினாள், தன் மேற்பார்வையாளன் செய்த அயோக்கியத்தனத்தை. அடுத்த வாரமே, சொல்லாமல் லீவு போட்டாள் என்று அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். விசாரணை என்று வந்தபோது ஆலைத் தரப்பு சொன்னது: வேலை போன ஆத்திரத்தில் கட்டிய கதை. வேலை போவதற்கு முன்பே அவள் என்ன எழுதினாள் என்று காட்டினால் தப்பிப்பாள். இல்லையென்றால் வேலையும் போய், பேரும் கெட்டு, ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் பரிமளாவின் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று ரிப்பேருக்குப் போனது. "ஃபார்மட் பண்ணிட்டேன் மேடம், இனிமே பறக்கும்" என்றார் கடைக்காரர். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் இந்த ஒரு மருந்துதான். முத்துப்பேச்சியின் புகாரை விசாரணையில் எல்லார் முன்னும் திறப்பது என்று வைத்திருந்தார்கள்; அதற்குள் பெரிய சாவி போயே போய்விட்டது. யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பரிமளா அதை வேறெங்கும் வைத்திருக்கவில்லை.

விசாரணை நாள் காலையில் நால்வரும் பரிமளாவின் அறையில் இருந்தார்கள். பரிமளா முத்துப்பேச்சியிடம் மெல்லச் சொன்னார்: "நீ இப்பவே மறுபடி எழுதிடும்மா. பழைய தேதியைப் போட்டுக்கலாம். நடந்தது உண்மைதானே?"

"தேதியை நாம போட முடியாது மேடம். முடிஞ்சாலும் அது பொய்தான்" என்றாள் ஜெசிந்தா.

அப்போது இன்பராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தான். "பெரிய சாவிக்கு ஒரு நகல். உண்டாக்குன அன்னைக்கே எடுத்து வச்சேன். என்னைக்காவது இப்படி ஆகும்னு தெரியும்."

ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப அத்தனை பேர் முன்னாடி நீ சொன்னது? இது வெளியே தெரிஞ்சா இனி ஒருத்தியும் எழுத மாட்டா. உடைச்சுப் போடு. நகல்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு ஆகட்டும்."

"இவ பேரு கெட்டுப் போறதைப் பார்த்துட்டு இருக்கச் சொல்றியா? திறந்துடலாம். பழைய சாவி கிடைச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

முத்துப்பேச்சி கேட்டாள்: "அண்ணே, என்னோடதைத் திறங்க. ஆனா மத்த பிள்ளைகளோடதும் இதுல திறக்குமா?"

"திறக்கும்" என்றான் இன்பராஜ். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விசாரணைக்குக் கூப்பிட ஆள் வந்து கதவைத் தட்டினார்.

பழைய தேதியில் எழுதச் சொன்னார் பரிமளா. நகலை உடைக்கச் சொன்னாள் ஜெசிந்தா. ரகசியமாகத் திறக்கலாம் என்றான் இன்பராஜ். இவர்களில் யார் சொன்னது சரி? யாருமே இல்லையென்றால், கதவைத் திறப்பதற்குள் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

விடை: மூன்றுமே சரியில்லை, ஏனென்றால் மூன்றிலும் ஒரு மறைப்பு இருக்கிறது. பரிமளாவின் வழி, உண்மையான புகாரைப் பொய்யாக்கிவிடும். இன்பராஜின் வாக்கு அவன் நகல் எடுத்த அன்றே உடைந்துவிட்டது; இன்று பென் டிரைவை உடைத்தால் வாக்கு ஒட்டாது, பொய்தான் பத்திரமாக இருக்கும். முத்துப்பேச்சியின் புகாரைத் திறக்கச் சொல்லும் உரிமை முத்துப்பேச்சிக்கு உண்டு, சொல்லியும் விட்டாள். பெரிய சாவியைக் கொண்டு அவளுடைய தனிச் சாவியை மட்டும் எடுத்தால் மற்றவர்களுடையது பூட்டியபடியே இருக்கும். நகல் இவன் கையில் இருந்ததால் மாற்றியிருப்பான் என்று ஆலைத் தரப்பு சொன்னால், வெளியூர்க் கையெழுத்து பதில் சொல்லும். ஆகவே, நகலைக் கொண்டுதான் திறக்கிறோம் என்று விசாரணையிலேயே சொல்லித் திறக்க வேண்டும். திறந்துவிட்டு அதே சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாப் பெண்களிடமும் இன்பராஜ் உண்மையைச் சொல்ல வேண்டும். அதன்பின் அவர்கள் அந்தத் தளத்தில் எழுதாமலே போகலாம். போகட்டும். பொய் சொன்னது அவன். அதற்கு முத்துப்பேச்சி ஏன் ஊருக்கு பஸ் ஏற வேண்டும்?