ஐநூறு பெட்டிகளில் ஒன்று

தணிகை மாஸ்டரிடம் சண்டை கற்றுக்கொள்ள வந்தபோது பிரகாசிக்கு வயது இருபத்தெட்டு. மாஸ்டருக்கு இருபத்தாறு. அன்றிலிருந்து அவர் அவளை அக்கா என்கிறார். அவள் அவரை மாஸ்டர் என்கிறாள். இருபத்திரண்டு வருடமாக இதில் மாற்றமில்லை.

கதாநாயகிகளுக்குப் பதிலாகக் குதிப்பதும் விழுவதும் அவள் வேலை. மொட்டை மாடியிலிருந்து, ஓடுகிற லாரியிலிருந்து, ஒருமுறை எரிகிற குடிசையிலிருந்து. திரையில் அவள் முதுகைப் பார்க்காதவர்கள் குறைவு. முகத்தைப் பார்த்தவர் எவருமில்லை.

ஒரு நாள் காலை சாலிகிராமத்துப் பயிற்சிக் கூடத்தில் அட்டைப் பெட்டிகளை மெத்தைபோல் அடுக்கிக்கொண்டிருந்தார் மாஸ்டர். பிரகாசி வந்து நின்றாள்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“அந்த அணைக்கட்டுப் படத்த புதுசா பெட்டி போட்டு விக்கிறாங்களாம். கலெக்டர்ஸ் எடிஷன். தகரப் பெட்டி, மூணு டிஸ்க், பெரிய போட்டோ புக்கு. மொத்தமே ஐநூறு பெட்டிதானாம். ஒண்ணு எட்டாயிரத்து ஐநூறு.”

“ம்.”

“பொண்ணு சிரிக்கிறா. அதான் போன்லயே சும்மா கெடக்குதேம்மாங்கிறா. நீங்க சொல்லுங்க. அவ்ளோ காசுக்குத் தகுமா?”

அந்தப் படத்தில் கதாநாயகி மஞ்சள் புடவையோடு அணைக்கட்டின் மேலிருந்து தண்ணீரில் குதிப்பாள். பதினேழு வருடத்துக்கு முன் குதித்தது பிரகாசி. இரண்டு முறை குதித்தாள். முதல் முறை புடவை விரியவில்லை என்றார் இயக்குநர். இரண்டாம் முறை புடவை விரிந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

மாஸ்டருக்கு இது தெரியாததல்ல. நீந்திப் போய் அவளைக் கரைக்கு இழுத்து வந்தவரே அவர்தான்.

“பார்க்காம எப்படிச் சொல்றது?” என்றார். “மத்தியானம் போலாம்.”

நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையின் மாடியில் விற்பனை நடந்துகொண்டிருந்தது. பதினைந்து இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கறுப்புச் சட்டை போட்ட விற்பனையாளர், காட்சிக்கு வைத்திருந்த பெட்டியைத் திறந்து, புதிதாக வந்த இருவர் பக்கம் தள்ளினார். பிரகாசி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தாள். வழவழப்பான கனத்த தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

நடுவில், இரண்டு பக்கம் முழுக்க ஒரே படம். அந்தரத்தில் அவள். மஞ்சள் புடவை பாய்மரம்போல் விரிந்திருந்தது. போனில் பார்த்தால் அவள் ஒரு மஞ்சள் பொட்டு. இதில் தலைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. காலில் ஒட்டியிருந்த ஈரமணல் தெரிந்தது. முகம் மட்டும் தண்ணீரைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது.

படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. ‘டூப் இல்லாமல் கதாநாயகியே துணிந்து குதித்த காட்சி.’

பிரகாசி இரண்டு தடவை படித்தாள்.

“யாரு தம்பி குதிச்சது?”

“ஹீரோயினேதாங்க மேடம். இந்த எடிஷன்ல எல்லாரும் பேசுறதே அதைப் பத்திதான்.”

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். “தண்டம் மாஸ்டர். வாங்க, போலாம்.”

படிக்கட்டில் இரண்டு படி இறங்கியும்விட்டாள். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

“மாஸ்டர்?”

“உங்களுக்கு விழத்தானேக்கா சொல்லிக் குடுத்தேன்? விழுந்த எடத்துலயே கெடக்கச் சொன்னேனா?”

பிரகாசி கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். படங்களில் தன் பெயர் போடாததை அவள் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. தொழில் அப்படி. தெரிந்துதான் வந்தாள். ஆனால் இது போடாமல் விட்டதல்ல. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று அச்சடித்தது.

மேலே ஏறி வந்தாள். கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். புதுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன்மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். வரிசையில் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். அவர்கள் வீட்டில் அப்படிப்பட்ட பெட்டிகள் பிரிக்கப்படாமலே அலமாரியில் இருக்கும்.

“தம்பி, பேனா குடுங்க.”

ரசீதில் கையெழுத்துப் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்து விற்பனையாளர் கொடுத்தார். அவள் புத்தகத்தை நடுப்பக்கத்துக்கு விரித்தாள்.

“மேடம், மேடம்! அதுல எழுதாதீங்க. மதிப்பே போயிடும். அப்புறம் நாங்க திருப்பி எடுத்துக்க மாட்டோம்.”

“திருப்பிக் குடுக்க வாங்கல.”

அந்த வரியின் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். அதன் கீழே, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல் நிறுத்தி எழுதினாள். ‘குதித்தது அ. பிரகாசி. இரண்டு தடவை.’

விற்பனையாளரின் முகம் இறுகியது. “நீங்கதான்னு நாங்க எப்படி நம்புறது?”

பிரகாசி ரவிக்கையின் இடது கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேல், உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிய தோல். ஐந்து வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது. முதல் தடவை குதிக்கும்போது மேக்கப் பூசி மறைத்திருந்தார்கள். இரண்டாம் தடவை ஈரத்தில் அது நிற்கவில்லை. அவள் கையைப் படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே இடம். அதே வடு.

விற்பனையாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் மேஜையை விட்டு எழவில்லை.

கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் பக்கத்தில் வந்தார். ஐம்பதை நெருங்கியவர். சற்று முன்புதான் பெட்டி வாங்கிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வடுவைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார்.

“நாப்பது தடவ பாத்திருப்பேன் இந்தப் படத்த” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மாஸ்டரிடம் திரும்பினார். “சார், அப்ப நான் குடுத்த காசு வீண்தானா?”

மாஸ்டர் அவர் கக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

“உங்க புக்குல அந்தப் பக்கம் இன்னும் பொய் சொல்லிக்கிட்டு இருக்கு” என்றார். “பேனா அக்கா கையிலதான் இருக்கு.”